உஸ் என்று வராத தண்ணீர்

எக்பெர்ட் விபுஷின் விரல்கள் கேஸ் அடைத்த தண்ணீர் பாட்டிலின் மூடியை மெல்லத் திருகின. காதை அருகில் கொண்டுபோனார். 'உஸ்' வரவில்லை.

"செத்துப்போச்சு சிஸ்டர்," என்று பாதி பாட்டில் தண்ணீரையும் ஜன்னலோரச் செடிக்கு ஊற்றினார்.

அவர் நாக்கைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அவருக்கு எண்பத்திரண்டு வயது, நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. மார்ச்சில் தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கிவரும்போது படியில் விழுந்தவர். இன்னொரு முறை விழுந்தால் முதியோர் இல்லம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ரெண்டு பாட்டில் திறக்காம இருக்கே. அதைக் குடிங்க."

"அது ஞாயித்துக்கிழமை மச்சினி ரோஸ்விதாவுக்கு. வந்தவளுக்குக் குழாய்த் தண்ணியா வைக்கறது?"

"அப்ப குழாய்த் தண்ணிய நீங்க குடிங்க."

"அது பல் தேய்க்க."

"இந்த வுப்பர்டால் ஊர் முழுக்க அதுலதானே காபி போடுது?"

"காபி வேற, தண்ணி வேற."

நாற்பது வருடம் நோயாளிகளைக் கவனித்தவள் நான். இந்த வாதத்தில் ஜெயித்ததே இல்லை. கீழே நிலவறையில் இருக்கும் பாட்டில்களை நாளைக்கு எடுத்துவருகிறேன் என்றேன். தன் தண்ணீரைத் தானே சுமப்பாராம். அவருக்கு மருந்து வாங்கக் கடைக்குப் போனேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பியபோது இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கோட்டுப் பைகள் இரண்டிலும் பாட்டில்.

"பெட்டியைத் தூக்கல சிஸ்டர். ரெண்டே ரெண்டுதான்."

"மயங்கி விழுந்தா ரெண்டுன்னு படி பார்க்குமா? திறந்து குடிங்க!"

படியில் குலுங்கிய பாட்டில். திறந்ததும் பீறிட்டு என் சட்டையை நனைத்தது. மிச்சத்தை அவர் ஒரே மூச்சில் குடித்தார், ஏப்பம் விட்டார், முகத்தில் நிறம் திரும்பியது.

"டாக்டர்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"நிலவறைச் சாவியக் கொடுங்க. சொல்ல மாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதுகுப்பையில் நான்கு நான்காக, மூன்று நடையில், நிலவறையில் மிச்சமிருந்த பன்னிரண்டு பாட்டில்களையும் மேலே ஏற்றினேன். எனக்கும் அறுபத்தெட்டு வயது. மூன்றாவது நடையில் அவர் கதவருகே நின்று கீழே எட்டிப் பார்த்துக் கத்தினார்:

"ஆட்டாம வாங்க சிஸ்டர், கேஸ் போயிடும்!"

ஒரு பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்து, முழுக்கக் குடிக்கும்வரை எதிரில் நின்றேன். சாவியை என் கொத்திலேயே வைத்துக்கொண்டேன்.