அம்மா இசக்கியிடம் சொன்னது

பொறாமைக்கு மருத்துவத்தில் ஏதேனும் பெயர் உண்டா என்று என் பாடப்புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால், ஓணம் விடுமுறையில், மாட்டுப்பட்டி அணைக்கட்டின் ஓரத்தில், நண்பகல் பன்னிரண்டு மணி வாக்கில் எனக்கு வந்தது அந்த நோய்தான் என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன்.

யார்மீது பொறாமை? என் சித்தப்பா மகள் இசக்கிமீது. என்னைவிட இரண்டு வயது இளையவள். பிளஸ் டூ முடித்து, ஒரு வருடப் படிப்பு ஒன்றையும் முடித்து, எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவள். நானோ பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்து, மேலே ஆய்வும் செய்துகொண்டிருப்பவள். ஆக, எங்கள் இருவரில் யாருக்கு யார்மீது பொறாமை வந்திருக்க வேண்டும்?

பயணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எங்களுக்குக் கேரளத்தின் எல்லையோரம் பெருமாட்டியில் தென்னந்தோப்பு. ஓணத்துக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் மூணாறு பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போவது வழக்கம். சித்தப்பா தேயிலைத் தொழிற்சாலை வேலைக்கென்று மலையேறியவர். திருநெல்வேலிப் பக்கமிருந்து அங்கே குடியேறிய குடும்பத்தில் பெண்ணெடுத்து, அங்கேயே தங்கிவிட்டார். மகளுக்கு இசக்கியம்மாள் என்று பெயரிட்டது சித்தியின் வீட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். கோபாலபுரத்தில் வெளியேறி, பொள்ளாச்சியும் உடுமலையும் தாண்டி, சின்னாறில் மறுபடி உள்ளே நுழைகிறோம். கல்லூரியில் தோழிகள், "நிங்ஙள்க்கு ஓணம் உண்டோ?" என்று அன்பாகக் கேட்பார்கள். பொள்ளாச்சியில் மாமன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால், "மலையாளத்துக்காரி வந்துட்டாளுங்க" என்று அதைவிட அன்பாகக் கேலி செய்வார்கள். விண்ணப்பப் படிவத்தில் 'மாநிலம்', 'தாய்மொழி' என்ற இரண்டு கட்டங்களையும் ஒரு நொடிகூட யோசிக்காமல் நிரப்புகிறவர்கள் எல்லோர்மீதும் எனக்குப் பொறாமைதான். ஆனால் அது நாள்பட்ட பொறாமை... பழகிவிட்டது. இசக்கி விஷயம் அப்படியல்ல.

விடுமுறை முடிந்ததும் கல்லூரிக் கருத்தரங்கில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. தலைப்பு — நாட்டின் ஆரோக்கியமும் பண்பாட்டு அடையாளமும். எல்லைப்புறக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் நான் எடுத்த கணக்கெடுப்புதான் அதன் அடிப்படை. காரின் பின்சீட்டில் மடிக்கணினியைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டே போனேன். மறையூரைத் தாண்டும்போது ஒரு வரி வந்தது: 'நோயாளியின் தாய்மொழியே மருத்துவத்தின் முதல் கருவி.' இரண்டு முறை படித்துப் பார்த்தேன். மிகவும் திருப்தியாக இருந்தது.

முன்சீட்டில் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இறங்கியிருந்தது, குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றில் ஒருவருக்கு எப்படி வியர்க்கும்? இந்தக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் அடுத்த வரியில் இருந்தேன்.

மறுநாள் எல்லோரும் மாட்டுப்பட்டிக்குப் போனோம். ஓணக் கூட்டம். அணை மேல் நடந்துகொண்டிருந்தபோது அம்மா பின்தங்கி, கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல கண்ணு. கூட்டத்துல நடந்தது... அவ்வளவுதான்."

நான் ஓடிப்போய்க் கேள்விகளைத் தொடங்கினேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்கு? தலைச்சுற்றலா, மயக்கமா? எப்போதிலிருந்து?

"பரீட்சையாட்டம் கேக்காத சாமி" என்றார் அம்மா. குரல் குழறியது.

அதற்குள் இசக்கி அம்மாவின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருந்தாள். பிறகு பக்கத்து டீக்கடையைப் பார்த்துத் திரும்பினாள்.

"அண்ணே, ஒரு கிளாஸ் தண்ணில நாலு ஸ்பூன் சீனி போட்டுக் கலக்கித் தாங்க. சீக்கிரம்."

அப்பா குறுக்கே வந்தார். "ஏஞ்சாமி, அவளுக்குச் சக்கரை நோவு. நீ சீனித் தண்ணியக் குடுக்கறயே?"

"சீனி ரொம்பக் கொறைஞ்சு போச்சு பெரியப்பா. கை நடுங்குது பாருங்க. மொதல்ல அவங்க குடிக்கட்டும், பெறகு சண்டை போடுவோம்."

எனக்கும் தெரியும். சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோனால் வியர்வை, நடுக்கம், குழறல். உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் கிளாஸ் அம்மாவின் உதட்டுக்குப் போனபோது நான் நான்காவது கேள்வியில் நின்றுகொண்டிருந்தேன்.

கால் மணி நேரத்தில் அம்மாவுக்கு முகம் தெளிந்தது. இரண்டு பன்னும் சாப்பிட்டார். அப்போதுதான் இசக்கி அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"பெரியம்மா, போன்ல சொன்னேன்லா... மாத்திரையெல்லாம் கொண்டாந்தீங்களா?"

போனிலா?

அம்மா என்னைப் பார்க்காமல் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு காகிதக் கவர் வந்தது. எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரைகள். அது எனக்குத் தெரிந்த கவர். அடுத்ததாக ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. பொள்ளாச்சி மருந்துக்கடைக் கவர். அது எனக்குத் தெரியாது.

இசக்கி இரண்டு மாத்திரை அட்டைகளையும் திண்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். பொள்ளாச்சி அட்டையில் கம்பெனி வைத்த பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே மருந்தின் உண்மைப் பெயர், எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறியதாக.

"பேரு வேற வேற, உள்ள இருக்கது ஒரே மருந்துதாங்க்கா. ரெண்டையும் முழுங்கியிருக்காங்க." அட்டையை என் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து காட்டினாள். எனக்கு... இசக்கி... காட்டினாள்.

ஏன் இரண்டு? அம்மா சொன்ன காரணத்தை அப்படியே தருகிறேன்.

"பொள்ளாச்சி டாக்டரு நம்ம பேச்சுலயே பேசறாரு. காலு எரியுது, நாக்கு கசக்குதுன்னு நாஞ் சொல்றதெல்லாம் அவருக்குப் புரியுது. நம்மூருச் சென்டர்ல எனக்கு மலையாளத்துல அதெல்லாம் சொல்ல வராது. ஆனா அந்த நர்ஸம்மா தங்கமானவ. மாசமானாப் பேரு சொல்லிக் கூப்புட்டுக் குடுக்கறா. வேண்டாமுன்னா மனசு நோகாதா? பேரை வேற எடுத்துப்போடுவாங்க. ரெண்டு பேருமே நல்லதுக்குத்தானே குடுக்கறாங்க."

ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர். இருவர்மீதும் குற்றமில்லை. இருவரும் கேட்கவில்லை, அம்மா சொல்லவில்லை. எல்லையில் வாழ்கிறவர்கள் எதையும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் செய்து பழகியவர்கள். இரண்டு பக்கத்துப் பண்டிகை, இரண்டு பக்கத்துச் சினிமா, இரண்டு பக்கத்துச் சந்தை. எவர் மனமும் நோகக்கூடாது. எங்கள் பண்பாடு என்று நான் கட்டுரையில் பெருமையாக எழுதியிருந்ததும் இதைத்தான். அதே பண்பாடு ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரையாக அம்மாவின் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஆறு வருசம் படிச்ச புள்ள பக்கத்துல நிக்குது, அட்டையப் படிச்சது எம்புள்ளையாக்கும்" என்று சித்தப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வாழ்வில் அதைவிடக் கடினமான சிரிப்பு இல்லை.

அணையைப் பார்க்க எல்லோரும் நகர்ந்த பிறகு அம்மாவிடம் கேட்டேன். "எத்தனை நாளா இப்படி நடுங்குது?"

"ரெண்டு மாசமா. ஒருக்கா தோப்புல உழுந்துட்டேன்."

"இசக்கிகிட்ட எப்பச் சொன்னீங்க?"

"போன வாரம்."

"ஒரே ஊட்டுல இருக்கறேன். எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

அம்மா கோபமில்லாமல், ஏதோ கடைச் சாமானைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"உங்கிட்டச் சொன்னா ஒண்ணு வைவே. இல்லாட்டி எழுதிப்போடுவே. இசக்கிகிட்டச் சொன்னா 'அப்படியா பெரியம்மா'ங்கறா."

அப்படியா பெரியம்மா! இவ்வளவுதானா? என் பட்டமும், ஆய்வும், பின்சீட்டில் பிறந்த அந்த அழகிய வரியும் இரண்டு சொல்லிடம் தோற்றுப்போயின. நோயாளியின் தாய்மொழியே முதல் கருவி என்றேனே... அம்மாவின் தாய்மொழி என் தாய்மொழியும்தானே? இசக்கி பேசுவது வேறு வட்டாரத்துத் தமிழ். அவள் சொல்லும் பாதிச் சொற்களுக்கு அம்மா ஒரு காலத்தில் என்னிடம் அர்த்தம் கேட்டவர். அப்படியிருக்க அவளிடம் மட்டும் எப்படிச் சொல்ல வந்தது?

இசக்கியிடமே கேட்டேன். நேரடியாக அல்ல. கொஞ்சம் குத்தலாக.

"எப்படி உங்கிட்ட மட்டும் சொல்றாங்க?"

"எங்கிட்ட என்னத்தக்கா சொல்லுதாங்க? தினமும் கவுன்ட்டர்ல நிக்கேன். மாத்திரைய எண்ணிப் போடுத நேரத்துல ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நான் அட்டையத்தான் பாத்துட்டு இருப்பேன். மூஞ்சியப் பாத்தா சொல்ல மாட்டாங்க." பிறகு மெல்லச் சேர்த்தாள். "எனக்குத்தான் உங்களப் பாத்தாப் பொறாமையா இருக்கும். எவ்வளவு படிச்சிருக்கீங்க."

இந்தக் கடைசி வரியை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். பொறாமைப்படுவதில்கூட அவள் என்னைவிடக் கண்ணியமானவள் என்று எனக்கு நிரூபித்திருக்க வேண்டாம்.

எந்த மாத்திரையை நிறுத்துவது என்று அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்றாள். அன்று பிற்பகலே டிஸ்பென்சரி டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் ஒன்றை உடனே நிறுத்தினார். ஊர் திரும்பியதும் சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். இரண்டு கவர்களையும் அம்மாவே மேசையில் வைத்தார். உடைந்த மலையாளத்தில் அம்மாவே சொன்னார். மொழிபெயர்க்க நாக்கு துடித்தது, வாயை மூடிக்கொண்டிருந்தேன். நர்ஸம்மாவின் மனம் நோகவில்லை. எழுந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் எனக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது.

என் கணக்கெடுப்புப் படிவத்தில், 'அரசு சுகாதார நிலையத்தில் மருந்து பெறுகிறீர்களா?' என்று ஒரு கேள்வி உண்டு. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். வேறெங்கும் பெறுகிறீர்களா என்று நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தாலும் உண்மை வந்திருக்குமா? நாட்டின் ஆரோக்கியத்தை இப்படிப்பட்ட கட்டங்களை வைத்துத்தான் நாம் கூட்டிச் சொல்கிறோம். 'ஆம்' என்று டிக் போட்டுத் தந்தவர்களில் எத்தனை பேர் கைப்பையில் இரண்டாவது கவர் இருந்ததோ? அந்தக் கட்டுரையைக் கருத்தரங்கில் நான் வாசிக்கவில்லை. இன்னும் அவகாசம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறையில், முன்பு நான் படிவம் நிரப்பிய ஒரு வீட்டுக்கு மறுபடி போனேன். அந்த அக்கா என் கையைப் பார்த்தார்.

"பேனா, பேப்பரெல்லாம் எங்கீங்க?"

"இன்னைக்குக் கொண்டு வரலீங்க்கா."

அவர் முறத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் வெங்காயத்தைப் பார்த்தேன். ஒரு படி உரித்து முடிவதற்குள், "பிரஷருக்குக் கோயமுத்தூர்லயும் ஒரு மாத்திரை வாங்கறனுங்க. அது இங்க யாருக்கும் தெரியாது" என்றார்.

"அப்படீங்களா" என்றேன். திருடிய சொல்தான். ஆனால் வேலை செய்தது. அவரிடமிருந்த இரண்டு கவர்களோடும் மறுநாள் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பத்திரிகையில் வாரந்தோறும் நான் எழுதும் பத்தியில் இதை எழுதலாமா என்று அம்மாவிடம் முதல்முறையாக அனுமதி கேட்டேன். இத்தனை வாரம் எழுதியும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அம்மா, "எழுதிக்கோ. ஆனா இசக்கி பேரப் போடோணும்" என்றார்.

தலைப்பிலேயே போட்டுவிட்டேன். அச்சில் தலைப்பு என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வரும் என்பது, அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.