பக்கத்து வீட்டு மே மரம்

மே முதல் தேதி விடிந்ததும் வில்மா செய்த முதல் வேலை, போர்வையை உதறிவிட்டு ஜன்னலுக்கு ஓடியதுதான். ஐம்பத்தெட்டு வயசு, இரண்டு முட்டியும் தகராறு; ஆனாலும் குமரிப் பெண் மாதிரி ஓடினாள். வாசலில் ஒன்றும் இல்லை. ரோஜாச் செடி இருந்தது, குப்பைத் தொட்டி இருந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டைப் பார்த்தாளே, அங்கேதான் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. யோலான் அக்கா வீட்டுக் கேட்டில், கூரைக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு ஒரு பிர்ச் மரம். உச்சி முதல் அடி வரை சிவப்பும் மஞ்சளுமாகக் காகித நாடா கட்டி, காற்றில் அது சிலுசிலுத்துக்கொண்டிருந்தது.

யோலானுக்கு வயசு எழுபத்துநாலு! போன வருஷம்தான் பல்செட் மாற்றினாள்.

ஏப்ரல் கடைசி ராத்திரியில் ஆம்பளை ஒருத்தன் மரத்தை வெட்டிக்கொண்டு வந்து, மனசுக்குப் பிடித்தவள் வாசலில் நட்டுவிட்டு ஓசைப்படாமல் போய்விட வேண்டும். அவனாக வாயைத் திறந்து பேரைச் சொல்லக் கூடாது. ஹங்கேரியில் இந்த ஹேவீஸ் ஊரில் அதுதான் முறை. வில்மாவுக்குப் பிறந்ததிலிருந்து ஒரு மரம்கூட வந்ததில்லை. குமரியாக இருந்தபோது அவள் அப்பா வளர்த்த நாய், ஊரில் பாதி வாலிபர்களின் கால்சட்டையைக் கிழித்து வைத்திருந்தது, எவன் வருவான்? கட்டிக்கொண்டவனோ மரம் நடுகிற ரகமே இல்லை. ஆஸ்திரியாவுக்கு லாரி ஓட்டப் போனவன், அங்கேயே ஒரு ரொட்டிக்கடைக்காரியோடு ஒட்டிக்கொண்டான். வில்மா ஒரு வாரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் குறட்டை விட்ட அறைக்கு வெள்ளையடித்தாள், ஒரு பலகையில் தானே அல்லிப்பூ வரைந்து "அறை வாடகைக்கு" என்று எழுதிக் கேட்டில் மாட்டினாள். வெந்நீர் ஏரியில் ஊற வருகிற ஜெர்மன்காரர்களும் செக் நாட்டுக்காரர்களும் அந்த அல்லிப்பூவைப் பார்த்தே வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். காலையில் ஏரி, பிறகு வில்மா பின்னாலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தை. வேகவைத்த நண்டு நிறத்தில் முகம் சிவக்க அவர்கள் வரிசையாக நடப்பதைப் பார்த்தால் எவருக்கும் சிரிப்பு வரும்.

இந்த வருஷம் மட்டும் அவள் எதற்காக ஜன்னலுக்கு ஓடினாள் என்று கேட்டால், அதற்குப் பேர் அம்ப்ருஷ். சந்தையில் வில்மா முள்ளங்கியும் வெங்காயத்தாளும், முட்டைக்கோஸ் திணித்த ஊறுகாய் மிளகாயும் விற்கிற மேசைக்கு நேர் எதிரே தேன் விற்கிறவன். பெண்டாட்டி செத்துப் பல வருஷமாகிறது. குளிர்காலம் முழுக்க வில்மாவைப் பார்த்துப் பார்த்துத் தேனை டப்பாவுக்கு வெளியே ஊற்றியவன். இத்தனைக்கும் பிறகு மரம் நடவில்லை என்றால் அந்தப் பார்வைக்கு என்னதான் அர்த்தம்? வில்மா முள்ளங்கிக் கட்டுகளை மேசைமேல் தூக்கிப் போட்ட வேகத்தில் பக்கத்துத் தொத்திறைச்சிக் கடைக்காரர் ஓர் அடி தள்ளி நின்றார்.

அம்ப்ருஷ் அன்றைக்கு இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கோணலாக நடந்து வந்தான். கண்ணில் தூக்கமே இல்லை. ஆனால் முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுக் களை.

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா, வில்மா?"

"தூங்காம? என் வாசல்ல எவன் வந்து எழுப்பப் போறான்?"

அவன் முகம் தொங்கிப்போனது. பாவம், மரத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பேசுகிறாள், வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வியன்னாக்காரி அகேசியாத் தேன் கேட்க, கஷ்கொட்டைத் தேனைக் கட்டிக் கொடுத்தான்.

அந்த நேரம் பார்த்து யோலான் அக்கா வந்தாள். சர்ச்சுக்குப் போகிற தொப்பி, உதட்டுச் சாயம், பூப்போட்ட கவுன்! லாங்கோஷ் ரொட்டி பொரிக்கிற எண்ணெய்ப் புகையைக் கிழித்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தன் மரத்தின் உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, நேராக அம்ப்ருஷ் மேசைக்கு வந்து நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தேன் ஜாடியை எடுத்து டக்கென்று வைத்தாள்.

"மத்தவன் மரத்துல ஒயின் பாட்டில் கட்டுவான். என் மரத்துல இது தொங்குது. உன் சரக்குதானேப்பா?"

அம்ப்ருஷுக்குக் காது நுனிவரை சிவந்துவிட்டது. சொல்லவும் முடியாது, இல்லை என்று பொய் பேசவும் வராது. ஜாடியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். வில்மாவுக்கு உலகமே இருண்டது. அப்படியானால் இவ்வளவு நாளும் அவன் பார்த்தது தன்னை இல்லையா? பின்னாலிருந்த ரொட்டிக் கடையையா?

யோலான் திரும்பி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, இவன் எனக்கா மரம் நடுவான்? உன் ரூம் நெறைஞ்சிருச்சு, என்னோடது காலியாக் கெடக்குதுன்னு போன வாரம் உன் அல்லிப்பூ பலகைய நீதானே என் கேட்டுல மாட்டிவிட்ட? இருட்டுல இந்த மடையன் பலகையத்தான் பாத்திருக்கான், வீட்டைப் பாக்கல."

தொத்திறைச்சிக்காரர் வெடித்துச் சிரித்தார். சிரிப்பு மேசை மேசையாகத் தாவிச் சந்தைக் கோடி வரைக்கும் போனது. வாயைத் திறந்து பேரைச் சொல்லக் கூடாதே தவிர, தலையை ஆட்டக் கூடாது என்று எங்கே இருக்கிறது? அம்ப்ருஷ் ஆட்டினான், பலமாக ஆட்டினான்.

"ஆனா மரத்தத் தர மாட்டேன்," என்றாள் யோலான். குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்க வீட்டுக்காரர் போனப்புறம் எவன் நட்டான் எனக்கு? பெந்தெகொஸ்தே பண்டிகை வரைக்கும் அது என் வாசல்லதான் நிக்கும்."

வில்மா வாழ்நாளெல்லாம் ஏங்கிய மரம் அது. ஒரு கணம் யோசித்தாள். ஒரே ஒரு கணம். வேறொருத்தி தொப்பி போட்டுக்கொண்டு ஊர்வலம் போகும் அளவுக்குச் சந்தோஷத்தைக் கொடுத்த மரத்தைப் பிடுங்குவதா?

"வெச்சுக்கோங்க அக்கா," என்றாள். "எனக்கு அது வேண்டாம்."

அம்ப்ருஷின் முகம் மறுபடி விழப் பார்த்தது. வில்மா ஏப்ரனை அவிழ்த்து முள்ளங்கி மேல் போட்டாள். இத்தனை வருஷம் தாண்டாத அந்த நடைபாதையை, சந்தை மொத்தமும் பார்க்க, கால் தரையில் படாத குறையாகத் தாண்டிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"அடுத்த வருஷம் இப்படி இருட்டுல வந்து இடுப்ப ஒடிச்சுக்காதீங்க. பகல்லயே வாங்க. கேட்டை நானே தெறந்து வெக்கிறேன்."

"அடுத்த வருஷம் வரைக்குமா நான் காத்திருக்கணும்?"

"யாரு காத்திருக்கச் சொன்னா? கடைய மூடுங்க."