பின்னாலிருந்து விழுந்த உதை

என் அறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது “என்ன நடந்தது?” என்றுதான். இத்தனை வருடமாகத் திருகோணமலையில் இயன்மருத்துவராக, பிசியோதெரபிஸ்டாக, வேலை செய்கிறேன், அந்தக் கேள்விக்கு நேரே பதில் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம். எல்லாரும் யார் செய்தது என்றுதான் சொல்வார்கள். தோளைத் தூக்க முடியாமல் வருகிறவர் மருமகளில் தொடங்குவார். முழங்கால் வீங்கி வருகிறவர் கண்ணூறு என்பார். எனக்கோ பொறுமை கிடையாது. “மருமகளை விடுங்கோ, கையைத் தூக்குங்கோ” என்று சத்தம் போடுவேன். வெளியே வாங்கில் குந்திக் காத்திருப்பவர்களுக்கும் கேட்கும். கேட்கட்டும்.

அன்றைக்கு நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கடற்கரையில் நின்று கரைவலை இழுக்கிறவர். நாற்பது வயது மதிக்கலாம், நல்ல உடம்பு. ஒரு பெண்ணின் தோளைப் பிடித்தபடி காலை இழுத்து இழுத்து நடந்து வந்து கதிரையில் இருந்தார். வலது குதிகாலுக்கு மேலே வீங்கி, நோவுக்கு எண்ணெய் பூசிப் பூசித் தோல் மினுங்கிக் கிடந்தது.

“என்ன நடந்தது?”

அவர் வாய் திறக்க முதல் அந்தப் பெண் முந்திக்கொண்டாள். “உதைச்சுப் போட்டான், மிஸ். பின்னுக்கு நிண்டு உதைச்சுப் போட்டான்.”

“ஆர்?”

“என்ர புருசன்.”

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் கதை வந்தது. அவள் அவருடைய தங்கச்சி. அவளுடைய புருசனும் அதே வலையில்தான் இழுக்கிறவன். போன மாதம் கோயில் திருநாளில் ஒலிபெருக்கியை எந்த மரத்தில் கட்டுவது என்று மச்சான்மார் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. என்ன பெரிய வழக்கு பாருங்கள்! அடுத்த நாள் காலையில் வலை இழுக்கும்போது இவர் கயிற்றில் நிற்கிறார், இவருக்குப் பின்னால் மச்சான். மணல் பள்ளத்தில் கால் இறங்கி, உன்னி இழுத்த நேரம் குதியில் படார் என்று ஓர் அடி. விழுந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் மச்சான் நிற்கிறான். கையில் அகப்பட்ட கட்டையை எடுத்து வீசி, அவனுடைய வாயை உடைத்திருக்கிறார்.

“நான் உதைக்கேல்லை, உதைக்கேல்லை எண்டு நிண்டவன்,” என்றாள் தங்கச்சி. “என்ர பிள்ளையின்ர தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணினவன், மிஸ். அண்ணாவின்ர காலை முறிச்சுப் போட்டு, பிள்ளையின்ர தலையில பொய்ச் சத்தியம்! அண்டைக்கே பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டை வந்திட்டன்.”

வலையிலிருந்தும் அவனை விலக்கிவிட்டார்களாம். கொஞ்ச நாள் பின்னேரங்களில் வந்து இவர்கள் வீட்டு வாசற்படலையில் நின்றானாம். ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. பிறகு நீர்கொழும்புப் பக்கம் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போய்விட்டான்.

“எங்கை காட்டினனீங்கள்?” என்று கேட்டேன்.

ஒரு இடத்தில் எக்ஸ்ரே படம் எடுத்து, எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்கு என்று குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியாரிடம் போய்ப் பத்துப் போட்டு, எண்ணெய் பூசி, ஒரு மாதத்துக்கும் மேலே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம்! இத்தனை பேரில் ஒருவராவது அந்தக் காலைக் கையால் பிடித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்தேன். பாதங்கள் இரண்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கின. நல்ல காலின் கெண்டைச் சதையைப் பிடித்து அமத்தினேன். பாதம் தானாகக் கீழே அசைந்தது. மற்றக் காலை அமத்தினேன். அசையவில்லை. இன்னும் இறுக்கி அமத்தினேன். பாதம் கிடந்தது கிடந்தபடியே கிடந்தது. குதிக்கு மேலே விரலை ஓட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் விரல் உள்ளே இறங்கியது.

“உதைச்சதைக் கண்டனீங்களோ?”

“நான் கடலைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான். பின்னுக்கு எப்பிடிக் காணுறது?”

“வேற ஆரும் கண்டவையோ?”

“காண வேணுமோ? உதை விழுந்தது எனக்குத் தெரியாதோ?”

“உங்களை ஒருத்தரும் உதைக்கேல்லை,” என்றேன். “கெண்டைச் சதையைக் குதியோட கட்டி வச்சிருக்கிற நாண் ஒண்டு இருக்கு. உங்கட வலைக் கயிறு மாதிரி. அது அறுந்திட்டுது. அறுகிற நேரம் எல்லாருக்கும் பின்னால ஆரோ அடிச்ச மாதிரித்தான் இருக்கும். முந்தி பட்மின்டன் விளையாடுற ஒரு பெடியன் வந்தவன். அவனும் ஆரோ உதைச்சது எண்டுதான் திரும்பினவன். அவனுக்குப் பின்னால சுவர்தான் இருந்தது.”

அவர் தலையணையில் முகத்தை வைத்தபடியே சொன்னார். “எனக்குத் தெரியும் உதை எப்பிடி இருக்குமெண்டு.”

நான் மறுபடியும் இரண்டு கால்களையும் அமத்திக் காட்டினேன். தலையைத் திருப்பிப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சரி மிஸ், அப்பிடியே இருக்கட்டும். இதை இனி வெளியில கதைக்கத் தேவையில்லை. ஊரெல்லாம் உதைச்சதெண்டு தெரிஞ்ச கதை. இப்ப போய் இல்லையெண்டு சொல்லிப்போட்டு நான் என்னெண்டு தலை நிமிர்ந்து நடக்கிறது?”

அவ்வளவுதான். அதுவரைக்கும் பிடித்து வைத்திருந்ததெல்லாம் வெடித்துவிட்டது.

“தலை நிமிர்ந்து நடக்கிறதோ? முதல் நடவுங்கோ பாப்பம்! அறுந்த கிழமையே வந்திருந்தால் லேசாப் பொருத்தியிருக்கலாம். இப்ப சத்திரசிகிச்சை டொக்டர் பாத்துத்தான் என்ன செய்யலாமெண்டு சொல்லுவார். ஒரு மனுசன்ர வாயை உடைச்சு, வேலையைப் பறிச்சு, பிள்ளையளைப் பிரிச்சு வச்சிருக்கிறியள். இன்னும் உங்களுக்குத் தலையில நினைப்போ? வெக்கமாயில்லையோ?”

கழுத்துப் பிடிப்போடு வாங்கில் காத்திருந்த, கட்டைபறிச்சான் ஊரிலிருந்து வந்த ஐயா, முழு உடம்பையும் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் கதவை அடித்துச் சாத்தினேன். நோயாளியிடம் இப்படிக் கத்தக் கூடாது என்று எனக்கும் தெரியும். இன்றைக்கு அவர் வந்தாலும் அப்படித்தான் கத்துவேன்.

தங்கச்சி கட்டிலுக்குக் கிட்ட வந்தாள். என்னைக் கேட்கவில்லை. தமையனின் நல்ல காலைப் பிடித்து அமத்தினாள். பாதம் அசைந்தது. மற்றக் காலைப் பிடித்தாள். இரண்டு கையாலும், தன் பலம் முழுவதையும் போட்டு அமத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. விட்டுவிட்டுத் திரும்பவும் அமத்தினாள்.

“மெல்ல, பிள்ளை,” என்றார் அவர்.

அவள் கைகளில் பட்ட எண்ணெயைச் சீலையில் துடைத்தாள். “பிள்ளையின்ர தலையில கை வச்சுச் சொன்னவர், மிஸ்,” என்றாள் என்னிடம். அவளிலும் எனக்குக் கோபம்தான். கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் கேட்காத காது.

போனை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனாள். கீழே துறைமுகத்தில் மா ஆலைக்கு வந்த கப்பல் ஒன்று நின்றது. அவளுடைய போனில் காதில் வைத்துக் கேட்கிற பக்கம் பழுது போலிருக்கிறது, ஸ்பீக்கரில்தான் போட்டாள். நெடுநேரம் மணி அடித்தது. பிறகு படகு இஞ்சின் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல், “என்ன?” என்றது.

“நான் இஞ்ச மிஸ்ஸட்டை அண்ணாவைக் கொண்டுவந்தனான்,” என்றாள். அதற்குமேல் கொஞ்சம் இழுத்தாள். “நீங்கள் உதைக்கேல்லை.”

இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“அது எனக்கு அண்டைக்கே தெரியும்தானே,” என்றான் அவன். “வேற என்ன?”