அப்பா சொன்ன இங்கிலீஷ் படக் கதை

எங்கள் போலீஸ் லைனில் யார் சினிமாவுக்குப் போய் வந்தாலும், போகாதவர்களுக்குக் கதை சொல்லியாக வேண்டும். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒன்பது வயசிலேயே கண்ணு காது மூக்கு வைத்து, அழ வேண்டிய இடத்தில் அழுதும் காட்டுவேன். வாயாடிக் கழுதை என்று அம்மா திட்டுவாள்.

அந்த வாரம் எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒரு நெசவுக்காரர் செத்துப்போயிருந்தார். திருட்டுக் கேஸ் என்று பிடித்து வந்தவர். நெஞ்சுவலி என்றார் இன்ஸ்பெக்டர். அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று அவர் பெண்சாதி தெருவில் விழுந்து புரண்டாள். திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. விசாரணை. அவர் செத்த அன்றைக்கு ஸ்டேஷனில் பாராக் காவல் நின்ற கான்ஸ்டபிள் என் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, அப்பா என்னை மட்டும் சேலத்துக்குக் காலைக் காட்சிக்குக் கூட்டிப்போனார். கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். படம் பூராவும் மழை, தொப்பி, சிகரெட்டுப் புகை. எவன் முகத்திலும் பாதிதான் வெளிச்சம். ஒன்றும் புரியவில்லை என்று சிணுங்கினேன். அப்பா என் காதோரம் குனிந்தார்.

"எல்லாரும் போலீஸ்காரங்க சாமி. ஒருத்தனப் பெஞ்சோட கட்டிப்போட்டு அடிக்கறாங்க. அவன் தண்ணி கேக்கறான். கதவுகிட்ட நிக்கறவனுக்குக் குடுக்கோணும்னு மனசு. பெரிய ஆபீசருக்குப் பயந்துக்கிட்டு நின்னுபோட்டான்."

திரையில் கோட்டுப் போட்ட ஒருத்தர் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"கடைசில என்னாகுதுங்கப்பா?"

"கதவுகிட்ட நின்னவன் பெரிய தொரைகிட்டப் போயி உள்ளதச் சொல்லிப்போடறான். அதுதான் சரி. சொல்லாட்டி அவனுக்குச் சோறு எறங்காது" என்றார்.

பிற்பாடு காலேஜ் நாளில் அதே படத்தை மறுபடி பார்த்தேன். சூதாட்டக்காரனிடம் கைநீட்டும் ஒரு போலீஸ் இலாகா. நீட்டாத ஒருவனை அவன் கூட்டாளிகளே வளைத்துக் கவிழ்க்கிறார்கள். நல்லவன் ஜெயித்தான் என்று பொய் சொல்லாத படம், அற்புதமான படம். அதில் பெஞ்சும் இல்லை, தண்ணீர் கேட்டவனும் இல்லை. விளக்குப் போடுவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் ஊர் திரும்பியபோது இன்ஸ்பெக்டர் வீட்டில் பெண்டுகள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "ஏஞ் சாமி, இங்கிலீசு படமாமே? கதையச் சொல்லு, கேப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர் வீட்டம்மா. வழக்கமாக இட்டுக்கட்டுகிற நான் அன்றைக்கென்று பார்த்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பாழாய்ப்போன வாய்!

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். பாதி சவரம் செய்த முகத்தில் சோப்பு நுரை. "கதை நல்லாருக்குதே. யாரு சொன்னா?"

"எங்கப்பாங்க."

"அந்தப் போலீஸ்காரன் சொன்னது சரியா, தப்பா? அப்பா என்ன சொன்னாரு?"

"சரிதான்னாருங்க. சொல்லாட்டி அவனுக்குச் சோறு எறங்காதுன்னாருங்க."

அவர் சிரித்தபடியே எனக்கு ஒரு லட்டு கொடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். போகும்போது வாசலில் நின்ற என் தலையைத் தடவி, "ஒத்தப் பொண்ணு, பத்தரமாப் பாத்துக்கோணும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அப்பா, நெஞ்சுவலிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சித்திரையில் அவருக்கு ஏட்டு உத்தியோகம் வந்தது. கையில் புதுப் பட்டை தைத்த சட்டையைப் போட்டுக் காட்டச் சொல்லி ஒரே அடம் பிடித்தேன். போட்டுக்கொண்டு நின்றார், என் முகத்தைப் பார்க்காமல். அப்பாவுக்குக் கூச்சம் என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கைகொட்டிச் சிரித்தேன்.