யோவான் நாளில் வாங்கிய தர்பூசணி

தனாசெ வாயைத் திறந்தால் சந்தையின் மறுகோடியில் பாலாடைக்கட்டி விற்கிறவள்கூடக் காதைப் பொத்திக்கொள்வாள். "வெட்டிப் பாத்து வாங்குங்க, செவக்கலேன்னா என் தலையில போட்டு ஒடைங்க" என்பதுதான் அவன் கூவல். எத்தனையோ கோடையாக அதே கூவல், அதே இடம், கிரயோவா சந்தையில் தண்ணீர்க் குழாயை ஒட்டிய மூலை. டான்யூப் ஆற்றங்கரை மணலில், தபுலேனியில், அவனுக்கு நிலம். ஜூலை பிறந்ததும் பழத்தைக் கொண்டுவந்து குவித்துவிட்டு, குவியலுக்குப் பக்கத்திலேயே மெத்தையைப் போட்டுப் படுத்துக்கொள்வான். அதற்கப்புறம் மூன்று வேளையும் ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி, தர்பூசணி. அலுக்காதா என்று யாராவது கேட்டால், "அலுத்துப்போறவன் தக்காளி விக்கட்டும்" என்பான்.

மூக்குக்கு மேல் கோபம் வரும் மனுஷன். ஜூன் மாதம் லாரியில் வந்து இறங்கும் கிரேக்கப் பழத்தைத் தபுலேனிப் பழம் என்று விற்றுக்கொண்டிருந்த ஒருவனை அவன் சந்தை முழுக்கத் துரத்தியதை நானே பார்த்திருக்கிறேன். தனாசெ கடையில் நீங்கள் பழத்தைக் கையில் எடுத்தால் போதும், கேட்காமலே கத்தியை இறக்கி, முக்கோணமாக ஒரு துண்டைப் பெயர்த்துக் கத்தி நுனியில் உங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவான். சிவப்பாக இருந்தால் துண்டைத் திரும்பச் செருகிக் கொடுப்பான். வெளிறியிருந்தால் பன்றிக்கு என்று ஓரமாக உருட்டிவிடுவான். பரவாயில்லை, கொடுங்கள் என்று கெஞ்சினாலும் கிடைக்காது.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்தக் கத்திக்கு ஓய்வு. ஆகஸ்ட் கடைசியில் வரும், புனிதர் யோவானின் தலையை வெட்டிய நாள். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் யாரும் கத்தியைத் தொடமாட்டார்கள். ரொட்டியைக்கூடக் கையால் பிய்த்துத்தான் தின்பார்கள். உருண்டையாக எதுவும் ஆகாது, சிவப்பாக எதுவும் ஆகாது. தர்பூசணி இரண்டும்தானே, அதனால் அது ஆகவே ஆகாது. வாங்கலாம், தப்பில்லை. வீட்டில் வைத்திருந்து மறுநாள்தான் வெட்ட வேண்டும்.

இந்த வருஷம் அடித்த வெயிலில் தனாசெயின் கடைசிப் பாத்தியில், பழம் சிவப்பதற்கு முன்பே கொடி கருகிப்போனது. "அதைப் பன்னிக்குப் போட்டுத் தொலைங்க" என்று அவன் பெண்டாட்டி சம்ஃபீரா சொன்னாள். அவனுக்கு மனசு வரவில்லை. அந்தப் பாத்திக்கு அவன் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவன். நாலு பழமாவது சிவந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வண்டியில் அந்தக் காய்களை அடியில் போட்டு நல்ல பழத்தை மேலே அடுக்கிக்கொண்டு வந்தான். வந்து சேர்ந்தது யோவான் நாள், வெள்ளிக்கிழமை. மேலே இருந்த பழமெல்லாம் விடிந்த கொஞ்ச நேரத்தில் விற்றுவிட்டது. அடியில் கிடந்தவை மட்டும் மிச்சம்.

அப்போதுதான் லிசவேத்தா கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சந்தைக்குப் பின்தெருக்காரி. அவள் புருஷன் பார்பு டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஆள். ஒவ்வொரு கோடையும் தனாசெயிடம் முதல் பழம் வாங்குவது அவர்தான். நீட்டிய துண்டை வெகுநேரம் மென்றுவிட்டு, "சொரக்காய் நல்லாருக்கு தனாசெ, தர்பூசணி எப்ப வரும்?" என்பார். தனாசெ எகிறுவான். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு பழத்தைத் தூக்கிக்கொண்டு போவார். ஜூலையில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நாளைக்கு அவருக்கு நாப்பதாம் நாள் தம்பி. எல்லாருக்கும் ஆளுக்கொரு பழம் அவர் பேரச் சொல்லிக் குடுக்கணும்" என்றாள் லிசவேத்தா. "ஆஸ்பத்திரியில கெடந்தப்ப டாக்டர் ஒரு துண்டுகூடக் கண்ணுல காட்டக் கூடாதுன்னுட்டார். ஒங்க பழத்த இந்த வருஷம் அவர் தின்னவே இல்ல. இங்க குடுத்தாத்தானே அவருக்கு அங்க கெடைக்கும்."

செத்தவர் பேரைச் சொல்லி இங்கே ஒரு கையில் எதை வைக்கிறோமோ, அதுதான் அவருக்கு அங்கே போய்ச் சேரும். எங்கள் ஊரில் இதைப் பச்சைக் குழந்தையும் அறியும், தனாசெ அறியமாட்டானா? இந்தக் காயெல்லாம் வேண்டாம் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இன்னிக்கு வெட்டிக் காட்ட முடியாதேக்கா" என்று மட்டும்தான் சொன்னான்.

"ஒங்க பழத்த எதுக்கு வெட்டிப் பாக்கணும்? நீங்க தட்டி எடுத்துக் குடுங்க, போதும்."

தட்டினான் பாவி. ஒவ்வொரு காயாகத் தூக்கி, காதோடு அணைத்து, விரல் முட்டியால் தட்டி, தலையை வேறு ஆட்டி ஆட்டிக் கைவண்டியில் வைத்தான். காய் கட்டையாகச் சத்தம் போட்டது. அவன் காதுக்குத் தெரியாத சத்தமா அது? ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அவள் வாங்கிக்கொண்டாள். "புண்ணியமாப் போகும் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை ஊரிலிருந்து புதுச் சுமை வந்திறங்கியும் நாள் முழுக்க தனாசெ கூவவில்லை. அவள் வருவாள், வெளிறிய காயை நடுச்சந்தையில் போட்டு உடைப்பாள், நாலு பேர் முன்னால் நாறடிப்பாள் என்று குழாயடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்திருந்தால் தேவலை. அவள் வரவில்லை. திங்கட்கிழமை பாலாடைக்கட்டிக்காரிதான் வந்து சொன்னாள்: "லிசவேத்தா வீட்டு நாப்பதுக்குப் போயிருந்தேன். எல்லாக் காயும் வெள்ளை. ஒண்ணும் சொல்ல முடியுமா? ஆண்டவன் அவர மன்னிக்கட்டும்னுட்டு முழுங்கினோம்."

"எங்க வாங்கினாளாம்?" என்று தனாசெ கேட்டான். கேட்கும்போதே தன் முகத்தில் தானே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அதக் கேட்டா வாயே தெறக்கல."

அந்த வாரம் லிசவேத்தா இரண்டு முறை சந்தைக்கு வந்தாள். இரண்டு முறையும் குழாய்ப் பக்கம் வராமல், மீன் கடை வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். தனாசெக்கு ரொட்டி இறங்கவில்லை. நல்ல பழத்தைப் பிளந்து வாயில் வைத்தாலும் மண்ணாக இருந்தது. பார்பு அங்கே வெள்ளைக் காயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு அவனை விடவில்லை. வேடிக்கைக்குச் சுரைக்காய் என்று சொன்ன மனுஷனுக்கு நிஜமாகவே சுரைக்காயை அனுப்பிவைத்துவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடையை மூட்டை கட்டியதும் ஊருக்குப் போனான். குளிர்காலத்துக்கென்று சம்ஃபீரா வைக்கோலுக்குள் புதைத்து வைத்திருந்த பழங்களைத் தோண்டி எடுத்தான். விஷயத்தை அவளிடம் சொன்னான். அவள் திட்டவில்லை. "போய் அந்தம்மா கால்ல விழுங்க" என்று சாக்கைப் பிடித்துக் கொடுத்தாள்.

லிசவேத்தா கதவைத் திறந்ததும், சாக்கோடு நின்றவனைப் பார்த்து தலைத்துணி நுனியால் வாயை மூடிக்கொண்டாள். அவன் பேச்சை ஆரம்பிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க தம்பி. ஒங்க மூஞ்சியில முழிக்கவே எனக்கு யோக்கியத இல்ல. ஒங்க பழத்த நாசம் பண்ணினவ நான்தான்."

"நீங்களா?"

"யோவான் நாளன்னிக்கே கத்தி வச்சுட்டேன். வீட்டுக்கு வந்து அடுக்கி வச்சேன். அவருக்குப் போறதாச்சே, ஒண்ணே ஒண்ணு பாத்துரலாம்னு மனசு அரிச்சுது. கதவச் சாத்திட்டு வெட்டினேன். வெள்ளையா இருந்துச்சு தம்பி. என் கண்ணு முன்னாடி வெளுத்துப்போச்சு. மறுநாள் எல்லாமே அப்படி. அந்தப் புனிதர் சும்மா விடுவாரா? இந்தக் கையால என் புருஷன் வாயில மண்ணப் போட்டேன்."

தனாசெ சாக்கோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். திட்டு வாங்க வந்தான். அடி வாங்கவும் தயாராகத்தான் வந்தான். இதற்கு அவன் தயாராக வரவில்லை.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. நீங்க வெட்டினதால ஒண்ணும் வெளுக்கல. அது கருகின பாத்திக் காய். வெள்ளைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். அன்னிக்கு யாரும் வெட்டிப் பாக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்."

லிசவேத்தா அவனையே பார்த்தாள். பிறகு, புருஷன் போனதிலிருந்து சிரிக்காதவள், லேசாகச் சிரித்தாள்.

"நீங்களா? கண்ணு தெரியாதவங்களக்கூட ஏமாத்தி விக்காத ஆளு. என் மனசு ஆறணும்னு பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கிறீங்களாக்கும்."

"சத்தியமாக்கா. என் பிள்ளைங்க மேல..."

"வேணாம், பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க. எனக்காக நீங்க எதுக்குப் பாவத்தச் சேக்கணும்? அப்பறமா தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், தனாசெ பழத்துல குத்தமில்ல, என் கைதான் குத்தம்னு. ஒங்க பேருக்கு ஒரு கொறையும் வராது."

அவன் கெஞ்சினான். சம்ஃபீரா பன்றிக்குப் போடச் சொன்னதைச் சொன்னான், தட்டியபோது வந்த சத்தத்தைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள், காய்ச்சல்காரன் பிதற்றுவதைக் கேட்கிற மாதிரி. கடைசியில் சாக்கைக் காட்டி, "இதுல என்ன?" என்றாள்.

"பார்பு அண்ணனுக்கு. நல்ல பழம். இதயாவது அவர் பேரச் சொல்லிக் குடுங்க."

அவள் உள்ளே போய்க் கத்தியைக் கொண்டுவந்தாள். தான் தொடாமல் துணியில் சுற்றி அவனிடம் நீட்டினாள். "நீங்களே வெட்டுங்க."

வெட்டினான். கத்தி பட்டதுமே பழம் படீரென்று தானாகப் பிளந்தது. உள்ளே ரத்தச் சிவப்பு, கறுகறுவென்று விதை. லிசவேத்தா கையைக் கூப்பிக்கொண்டாள். "பாத்தீங்களா? ஒங்க பழம் எப்பவும் இப்படித்தான். இதப் பாத்துட்டு நீங்க சொல்றத நான் எப்படி நம்புவேன்?"

நல்லதைக் கொண்டுவந்து கொடுத்தே தன் வாக்குமூலத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று தனாசெக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, "பார்பு பேரால" என்று சொல்லி அவன் கையில் வைத்தாள். வாங்க மறுக்கக் கூடாது. மறுத்தால் அங்கே போய்ச் சேராது. வாங்கிக்கொண்டான். ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டியதைச் சொல்லவும் செய்தான்.

அவள் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க?" என்றான்.

"எனக்கு இனிமே தர்பூசணி கெடையாது தம்பி. பாதிரியார் ஒரு வருஷம் தொடாதேன்னார். நானா ஆயுசுக்கும்னு வச்சுக்கிட்டேன்."

"அக்கா, தப்பு என்னோடது."

"சாப்பிடுங்க தம்பி," என்றாள் லிசவேத்தா. "ஈ மொய்க்குது பாருங்க."