துண்டு தொங்கிய பிரஸ்

ஓசூரில் நான் பார்க்கும் வேலைக்கு சூப்பர்வைசர் என்று பெயர். மேலே இருப்பவரின் திட்டை வாங்கி, கொஞ்சம் மரியாதை சேர்த்துக் கீழே இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். இதை இன்னும் திறமையாகச் செய்வதற்காகக் கம்பெனி எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தது. பெங்களூரிலிருந்து வந்தவர், தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு நின்ற அந்தக் காலத்து அமெரிக்கரைப் பற்றியே நாள் முழுக்கப் பேசினார். கிட்டத்தட்ட அதே காலத்தில், அதே நாட்டில், நிர்வாகத்தைப் பற்றி எழுதிய ஓர் அம்மையாருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே ஒரு ஸ்லைடு. சண்டை வந்தால் ஒருவர் ஜெயிக்கவும் வேண்டாம், இரண்டு பேரும் பாதிப் பாதி விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். இருவருக்கும் உண்மையில் என்னதான் வேண்டும் என்று பாருங்கள், வேறொரு வழி தெரியும் என்பது அவர் கட்சி. எனக்கு அப்போது பிரியாணி வாசனைதான் தெரிந்தது. இருந்தாலும் அந்த ஸ்லைடு எப்படியோ தலையில் ஒட்டிக்கொண்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்யும் எங்கள் பிரஸ் ஷாப்பின் ஆபரேட்டர் ஒருவர் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்துபோனார். காவேரிப்பட்டினத்துக்காரர். என் ஜோக்குக்குச் சிரிக்கும் ஒரே ஆள் என்பதால் எனக்கு இழப்பு கொஞ்சம் கூடுதல். திங்கட்கிழமை அடக்கத்துக்குப் போய் வந்தோம். மறுநாள் காலை அவருடைய பிரஸ் மட்டும் ஓடாமல் நின்றது. அவர் வியர்வை துடைக்கும் துண்டு, கடைசியாக மாட்டிவிட்டுப் போனபடியே அதன் பக்கவாட்டுக் கொக்கியில் தொங்கியது.

அன்றைக்கு அதை ஓட்ட வேண்டியவர் பக்கத்து மெஷின் ஆபரேட்டர். இறந்தவரோடு ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர். அடுத்த மாதம் அவரைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தார்கள். அவர் மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேனேஜர் மைசூர்க்காரர். “ஏன்ரீ, சாயங்காலம் லாரி கிளம்பணும். ஓட்டலேன்னா மெமோ டைப் பண்ணுங்க. அப்புறம் பர்மனென்ட் எல்லாம் மறந்துடச் சொல்லுங்க” என்றார்.

நான் போய், “ஓட்டுப்பா” என்றேன். அசையவில்லை. கெஞ்சினேன். அதற்கும் அசையவில்லை. சரி, பயப்படுகிறார் என்று நானே முடிவு கட்டினேன்.

“எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டிடலாமா?”

“நான் சர்ச்சுக்குப் போறவன் சார். பேய்க்குப் பயந்துக்கினு நிக்கறேன்னா நெனச்சிங்க?”

“அப்ப வேற லைன்லருந்து ஒருத்தனப் போடறேன். அவரோட பழகாத ஆளா.”

“போடுங்க. அவன் யாருன்னே தெரியாத ஒருத்தன் வந்து நிக்கட்டும். நல்லா இருக்கும்!”

உத்தரவு, கெஞ்சல், பாதிப் பாதி என்று என் சரக்கு தீர்ந்துவிட்டது. சும்மா இருக்க வராத ஆள் நான். மெஷினையாவது தயார் செய்யலாம் என்று துண்டை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“அதத் தொடாதிங்க சார். அவன் ஊட்டு ஆளு வந்து எடுக்கணும். அதுவரிக்கும் இது அவன் மிசினு.”

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

“எடுத்துட்டா ஓட்டுவியா?”

“எடுத்துட்டா நான் ஏன் சார் ஓட்டாம இருக்கப் போறேன்?”

“இத காலையிலயே சொல்லியிருக்கலாமேப்பா.”

“நீங்க எங்க கேட்டிங்க? ஓட்டு ஓட்டுன்னீங்க, அப்புறம் சூடங் காட்றேன்னீங்க.”

மேனேஜரிடம் போனேன். அவருக்கு வேண்டியது மெமோ அல்ல, சாயங்காலத்துக்குள் லாரியில் சரக்கு. “நான் டைப் அடிக்கிற வேகத்துக்கு, கார் காவேரிப்பட்டினம் போய் அவர் வீட்டு ஆளையே கூட்டிட்டு வந்துடும் சார்” என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக என் ஜோக் ஒரு கணக்காக அவருக்குப் பட்டது. “ஏனாதரூ மாடி” என்றார். எதையாவது செய்து தொலை என்று அர்த்தம்.

மதியம் இறந்தவரின் அண்ணன் வந்தார். மாந்தோப்பு வைத்திருப்பவர். செக்யூரிட்டி கொடுத்த ஹெல்மெட் அவர் தலைக்குப் பெரிதாக இருந்தது. துண்டை எடுத்து முகத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டார். மடித்துத் தோளில் போட்டார். லாக்கரிலிருந்த செருப்பைப் பையில் வைத்தார். அவ்வளவுதான், போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

“இதுலதான் நின்னானா?”

“இதுலதாண்ணா” என்றார் ஆபரேட்டர்.

“என்ன வேலடான்னா, சொன்னாப் புரியாதும்பான். ஒருக்கா ஓட்டிக் காட்டு கண்ணு.”

ஆபரேட்டர் கையுறையை மாட்டினார். தகட்டை வைத்தார். இரண்டு பக்கத்துப் பட்டனையும் இரண்டு கையாலும் அழுத்தினார். பிரஸ் இறங்கி ஏறியது. உள்ளங்கையளவு பிராக்கெட் ஒன்று பெட்டியில் விழுந்தது. அடுத்த தகட்டை வைத்தார்.

அண்ணன் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போது வந்தாரோ, மேனேஜரும் பின்னால் நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“நாள் பூரா இதேவாப்பா?” என்றார் அண்ணன்.

“ஆமாண்ணா,” என்றார் ஆபரேட்டர், கையை நிறுத்தாமல். “நாள் பூரா.”