ஆடாமல் சிரி

பட்டினச்சேரி அஞ்சுகத்தின் கையில் கத்தி இருக்கும்போது யாரும் அவளிடம் பேரம் பேசுவதில்லை. காரைக்கால் மார்க்கெட்டில் ஒரு கொடுவா மீனைச் செதில் எடுத்து, குடல் உருவி, அவள் துண்டு போட்டு முடிப்பதற்குள், வாங்க வந்தவர் பையை விரித்திருந்தால் அது அவருடைய சாமர்த்தியம். அப்பேர்ப்பட்டவள் ஒரு பலூனிடம் தோற்றுப்போனாள். கடைசிவரை தோற்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அவள் காதுக்கு விஷயம் போனால் வம்பு.

கார்த்திகை மாதம் அவள் புருஷன் நாகராஜ் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். கால் ஒருவழியாகத் தடி பிடித்து நடந்தது. இடது கன்னம் மட்டும் காற்று இறங்கிய டியூப் மாதிரி தொங்கியே கிடந்தது. சிரித்தால் வாய் வலது காதைப் பார்த்து ஓடியது. ஒருநாள் கண்ணாடியில் அதைப் பார்த்தவர், கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். அதோடு சிரிப்பு போச்சு. வாயை ஒரு துண்டு மூடிக்கொண்டது, துண்டுக்குக் கீழே தாடி இறங்கியது. மனுஷன் வாசலைத் தாண்டவில்லை.

மாசிமகம் வந்தது. அன்றைக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் தீர்த்தவாரிக்கு இந்தக் கடலுக்கு வருவார். மீனவர் வீட்டில் பெண் எடுத்தவர் என்பதால் கடற்கரைக்கே அவர் மாப்பிள்ளை. “மாப்ளே, மாப்ளே” என்று கத்தித்தான் அவரை வரவேற்பார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து நாகராஜ் அந்தப் பல்லக்குக்குத் தோள் கொடுக்காத வருஷம் இல்லை.

“நான் வரல” என்றார் இந்த வருஷம்.

“தூக்கவா சொன்னேன்? ஓரமா நின்னு பாருய்யா.”

“இந்த மூஞ்சியோடவா? மாப்ள திரும்பி ஓடிருவாரு.”

அஞ்சுகம் முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் முந்தானையைச் செருகினால் ஏதோ நடக்கப்போகிறது என்று தெருவுக்கே தெரியும்.

முதலில் பெட்டிக்கடையில் பிளாஸ்டிக் ரேசர் வாங்கிவந்து இழுத்துப் பார்த்தாள். அது தாடியில் அடைத்துக்கொண்டு, தொங்கும் தோலைச் சுருட்டி இழுத்ததே ஒழிய எடுக்கவில்லை. சவரம் பண்ண ஆளை வரவழைக்கலாம் என்றால் நாகராஜ், “என் மூஞ்சி நாளைக்குக் கடை பூரா பேச்சாயிடும், எவனும் உள்ள வரக்கூடாது” என்று தடியைத் தூக்கினார். எனவே அவளே கடைக்குப் போனாள்.

மார்க்கெட் பக்கத்தில் சலூன் வைத்திருக்கும் இக்பாலுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. தலையைச் சேவல்கொண்டை மாதிரி வெட்டிக்கொண்டிருப்பான். நாற்காலியில் போட் ஓனர் நீலமேகம் மீசை ஒதுக்கக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். புயலில் படகு தலைகீழாகப் போனபோதும் கொட்டாவி விட்டவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லித்திரிகிறவர்.

“தம்பி, எனக்குச் சவரம் பண்ணக் கத்துக்குடு” என்றாள் அஞ்சுகம்.

இக்பால் அவள் தாடையை ஒருமுறை பார்த்துச் சிரித்தான்.

“எனக்கில்லடா. எங்க வீட்டுக்காரருக்கு.”

விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரிப்பு நின்றது. ஒரு பலூனை ஊதி, நுரை தடவி, புது பிளேடு போட்ட சவரக்கத்தியை அவள் கையில் கொடுத்தான். “நாங்கல்லாம் இதுலதான்க்கா கத்துக்கிட்டோம். உடையாம நுரைய மட்டும் எடுங்க.”

இக்பால் நீலமேகத்தின் மீசைக்குத் திரும்ப, அஞ்சுகம் நுரையை எடுத்தாள். பலூன் வெடித்தது. புயலில் கொட்டாவி விட்ட நீலமேகம், கழுத்தில் கட்டிய துணியோடு நடுத்தெருவில் போய் நின்றார். திரும்பி வந்து கண்ணாடியைப் பார்த்தபோது மீசையில் ஒரு பக்கம் இல்லை.

“அக்கா, இது மீனில்ல, அழுத்தாதீங்க” என்றான் இக்பால், நீலமேகத்தின் மிச்ச மீசையையும் வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டே. “கத்திய படுக்கப் போட்டு முதுக மட்டும் லேசா தூக்குங்க. அதோட கனமே வேலை பாக்கும்.”

பாக்கெட்டில் இருந்த பலூன்கள் தீர்வதற்குள் அவள் கை பழகிவிட்டது. பலூனுக்கு முடி கிடையாது என்பதுதான் பிரச்சினை. அது வீட்டில்தான் தெரிந்தது.

மீனுக்குச் செதில் வாலிலிருந்து தலைக்குத்தான் எடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படி எடுத்த கை, நாகராஜின் கழுத்தில் வைத்ததும் தானாகவே கீழிருந்து மேலே ஏறியது. வலது பக்கம் அவர் “ஆ” என்று துள்ளினார். இடது பக்கம் துள்ளவே இல்லை. அங்கே கை பரவாயில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, ரத்தம் பனியனுக்கு இறங்கியது. அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சியே இல்லை.

கத்தியைக் கழுவி வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றாள். முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

“அங்க என்ன பண்ற?” என்றார் நாகராஜ்.

“ஒண்ணுமில்ல. வெங்காயம்.”

அன்றைக்கு வீட்டில் வெங்காயமே கிடையாது.

மறுநாள் இக்பால் தன் கழுத்தையே காட்டினான். “விரலால தடவுங்க. வழுக்குதா? முடி அந்தப் பக்கம் படுத்திருக்கு. அந்தப் பக்கமே போங்க. குத்துதா? எதிர்ல போறீங்க. காதுக்கடியில ஒரு மாதிரி, குரல்வளையில ஒரு மாதிரி இருக்கும். தொங்குற கன்னத்துக்குக் காத்து ஊதி உப்பச் சொல்லுங்க.”

மாசிமகத்தன்று காலையில் நாகராஜை ஸ்டூலில் உட்காரவைத்தாள். முதலில் விரலால் தடவி முடி போகும் வழியைப் பார்த்தாள், பிறகு கத்தி வைத்தாள். கழுத்துச் சுழியில் இருந்த முடி போனது. மூக்கை மேலே தூக்கிப் பிடித்து மீசைக்கு அடியில் சுத்தம் செய்தாள். வலது கன்னம் பளபளவென்று வந்தது. மிச்சம் இடது கன்னம்.

“உப்புய்யா.”

நாகராஜ் ஊதினார். புஸ் என்று காற்று வாயோரம் கசிந்தது. மறுபடி ஊதினார், மறுபடி புஸ். கையால் இழுத்துப் பிடித்தால் நுரையில் தோல் வழுக்கியது. மடிப்பில் கத்தி வைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. தூரத்தில் மேளம் கேட்க ஆரம்பித்தது.

“விடு அஞ்சு” என்றார் அவர், துண்டைத் தேடிக்கொண்டு. “நீ மட்டும் போ.”

ஒரு பக்கம் மழித்து, ஒரு பக்கம் காடு. அந்தக் கோலத்தைப் பார்த்ததும் அவளுக்கு எதுவோ ஞாபகம் வந்தது.

“இதே மாதிரிதான்யா நீலமேகண்ணனும் நின்னுச்சு.”

“எங்க?”

அதுவரை மூடிவைத்திருந்த கதையை அவிழ்த்தாள். பலூன், கழுத்துத் துணி, நடுத்தெரு, ஒற்றை மீசை. நாகராஜுக்குத் தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தேவிட்டார். வாய் வலது காதுக்கு ஓடியது. அது ஓடிய வேகத்தில் இடது கன்னம், மேளத்துக்குத் தோல் கட்டின மாதிரி, விறைத்து நின்றது.

அவர் கை வழக்கம்போல் வாயை மூடப் போனது. அஞ்சுகம் அதைத் தட்டிவிட்டாள்.

“மூடாத! அப்படியே சிரி!”

“ஏய், கத்தி...”

“சிரி. ஆனா ஆடாம சிரி.”

அது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நாகராஜ் செய்தார். சிரிப்பு இறங்கும்போதெல்லாம் அவள் கத்தியைத் தூக்கிக்கொண்டு, “புயல்லயே கொட்டாவி விட்டுச்சாம்” என்பாள். அவர் குலுங்கி அடங்கும்வரை பொறுத்து, வாய் மட்டும் காதோரம் நிற்கும்போது ஓர் இழுப்பு. இந்த மூன்று மாதமாக அவர் ஒளித்துவைத்திருந்த கோணல் சிரிப்பை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்துக்கொண்டே மழித்தாள். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. நாகராஜ் ஒரு கையில் தடி, இன்னொரு கையால் துண்டை வாயில் பிடித்தபடி ஓரமாக நின்றார். கூட்டத்தில் பிதுங்கி எதிரே வந்தார் நீலமேகம். மூக்குக்குக் கீழே வெள்ளைவெளேரென்று வெறும் தோல்.

“என்னப்பா நாகராஜ், தேவலையா?” என்றவர், தானாகவே உதட்டைத் தடவி, “வேண்டுதல்ப்பா. மாப்ளைக்கு மீசைய குடுத்துட்டேன்” என்றார்.

நாகராஜ் அஞ்சுகத்தைப் பார்த்தார். அவள் அவசரமாகக் கடலைப் பார்த்தாள். அவ்வளவுதான். சிரிப்பு வெடித்ததில் துண்டு நழுவி மணலில் விழுந்தது. அத்தனை பேருக்கு நடுவில் அவர் வாய் காதுவரை கோணிக்கொண்டு ஓட, பெருமாளும் அந்த நேரம் பார்த்து வந்துசேர, சிரித்த வாயை மூடாமலே “மாப்ளே!” என்று கத்தினார். சொல் குழறியது. அந்தக் கூச்சலில் எல்லாருடையதும் அப்படித்தான் கேட்டது.

அஞ்சுகம் குனிந்து துண்டை எடுத்தாள். அவரிடம் கொடுக்காமல் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். இடது காதுக்கடியில் ஒரு கொத்து முடியை விட்டுவிட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. நாளைக்கு எடுக்க வேண்டும். நீலமேகம் கதை இனி செல்லாது. வேறொன்று யோசித்துக்கொண்டே, “மாப்ளே!” என்று அவளும் கத்தினாள்.